மேட்டு ஈயம்

ஆடிக் காற்றில் துப்பாக்கி சுடக் கிளம்புகிறவன் ஒன்று வெள்ளைக்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலைவெட்டி இல்லாதவனாக இருக்க வேண்டும். பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் இருந்த சுடுமைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் இரண்டும் சேர்ந்தவர்கள். மற்ற நாட்களில் அங்கே பட்டாளத்துச் சிப்பாய்கள் சண்டைக்குப் பழகினார்கள். ஞாயிறு மட்டும் துரைமார் கிளப்புக்கு. உலகமே பற்றி எரிந்துகொண்டிருந்த அந்த வருஷங்களிலும் அவர்களுடைய பந்தயம் ஒரு வாரம் நின்றதில்லை. பட்டணத்திலிருந்து மோட்டாரில் வந்து, சாமியானா போட்டு, பாய் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, தூரத்தில் தெரியும் கறுப்பு வட்டத்தைச் சுடுவார்கள். பட்டால் ஒரு சிரிப்பு. படாவிட்டால் காற்றுக்குத் திட்டு. நடுவில் டீயும் கேக்கும் வரும். வெயில் ஏறுவதற்குள் யாராவது ஒருத்தருக்கு வெள்ளிக் கோப்பையைக் கொடுத்துக் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

எத்திராஜ் இருந்தது எதிர்முனையில், குழிக்குள்ளே. ஆள் உயரத்துக்கு வெட்டிய குழி அது. முன்னால் மண்கரை, பின்னால் பனைமர உயரத்துக்கு மண்மேடு. தலைக்கு மேலே தாள் ஒட்டிய மரச்சட்டம் நிற்கும். குண்டு தாளைத் துளைத்துக்கொண்டு போய் மேட்டில் புதையும். எத்திராஜ் கயிற்றை இழுத்துச் சட்டத்தை இறக்குவான், துளை மேல் பசை தடவிய காகிதத்தை ஒட்டுவான், மறுபடி ஏற்றுவான். குண்டு எங்கே பட்டது என்று நீளக் கழியின் நுனியிலிருக்கும் வெள்ளைத் தட்டால் தொட்டுக் காட்டுவான். தாளிலேயே படவில்லை என்றால் சிவப்புக் கொடியை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். குண்டு போகும் சத்தம் சாட்டையைச் சொடுக்குவது போல் காதுக்கு மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். பழகிப்போனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் தூக்கம்கூட வரும் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

கூலி போக அந்த வேலையில் இன்னொரு லாபமும் இருந்தது. அதுதான் மேட்டு ஈயம். துரைமார் போனதும் குழி ஆட்கள் மேட்டைக் கிளறுவார்கள். மண்ணைச் சலித்தால் நசுங்கிய குண்டுகள் கிடைக்கும். அடுப்பில் வைத்து உருக்கினால் குண்டின் செம்புத் தோல் தனியாக வந்துவிடும், ஈயம் அடியில் தங்கும். அது சர்க்கார் சொத்து, தொடக்கூடாது என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் மேட்டுப் பக்கம் வருவதில்லை. முதலில் ஏரியில் வலை போடுகிறவர்கள்தான் வலைக்குண்டுக்காக வாங்கிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்த பிறகு கதை மாறியது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் அந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனது.

எத்திராஜின் மச்சான் வேம்புலிக்கு அதுதான் தொழில். பூந்தமல்லியில் குடியிருந்தான். துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வானகரம், ஐயப்பன்தாங்கல் என்று தெருத்தெருவாகப் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவான். பூச்சு தேய்ந்த பித்தளையில் புளி சேர்ந்தால் பச்சையாகக் களிம்பு ஏறும், சாப்பிட்டவன் வாந்தி எடுத்தே சுருண்டுவிடுவான். அது ஊருக்கெல்லாம் தெரியும். அதனால்தான் வெள்ளீயம் கிடைக்காமல்போனபோது ஜனங்கள் வேம்புலியைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கையில் மிச்சமிருந்த கொஞ்சம் வெள்ளீயத்தோடு எத்திராஜ் கொடுத்த மேட்டு ஈயத்தைக் கலந்து பூசினான். பளபளவென்று இருந்தது. சில நாளில் கொஞ்சம் கறுத்தது. அவ்வளவுதானே, களிம்பு ஏறவில்லையே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

முதலில் பூசியது தங்கச்சியின் குண்டானுக்கு. எத்திராஜுக்கும் கன்னியம்மாவுக்கும் கல்யாணமானபோது அவன் சீராகக் கொடுத்த பித்தளைக் குண்டான் அது. எத்திராஜ் இருந்த சேரியில் மற்ற வீடுகளில் எல்லாம் மண்சட்டிதான். அடுத்துப் பூசியது தெருவின் பொது அண்டாவுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை எத்திராஜின் கையிலிருந்து கழி நழுவியது. துரை சுட்டது நட்டநடு வட்டத்தில் பட்டிருந்தது. கழியை உயர்த்தித் தட்டைக் காட்டப் போனான், மணிக்கட்டு மடங்கிக்கொண்டது. தட்டு கீழே எங்கோ ஓரத்தைத் தொட்டுவிட்டு விழுந்தது. அந்தப் பக்கம் சுட்டுக்கொண்டிருந்த துரைக்குக் கோபம் தலைக்கேறி, குழிக்கு வரும் டெலிபோனில் கத்தினார். எத்திராஜை மேலே வரச்சொல்லி, குடித்திருக்கிறானா பார் என்று கம்பவுண்டரிடம் அனுப்பினார்கள்.

கம்பவுண்டர் தேவராஜ், சுடுகிற நாட்களில் மருந்துப் பெட்டியோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். யாருக்கும் குண்டு பட்டதில்லை. துரைசானிகளுக்கு வெயிலில் தலை சுற்றினால் உப்பு முகரக் கொடுப்பதுதான் அவருடைய வேலை.

"இன்னாடா, காலீலயே ஊத்திக்கினு வந்துட்டியா?"

"மெய்யாலுமே இல்ல சார். கை தூக்க வரல."

"ரெண்டு கையியும் முன்னால நீட்டு."

நீட்டினான். முழங்கை வரை நேராக இருந்தது. மணிக்கட்டிலிருந்து இரண்டு கைகளும் தொங்கின. தேவராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வாயத் தொற."

உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். பல் முளைக்கும் இடத்தில் ஈறின் ஓரமாக நீலக்கோடு ஓடியிருந்தது.

"வவுறு இஸ்த்து புடிக்குதா?"

"ஆமா சார். ராவுல சுருட்டிக்கினு வருது."

"ஈயம் உருக்குறியா?"

எத்திராஜ் துரைமாரின் சாமியானாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சர்க்கார் ஈயத்தைத் தொட்டவனுக்கு ஜெயில் என்பது அவனுக்குப் படிக்காமலே தெரியும்.

"தோ பார், நான் போயி தொரையாண்ட சொல்ல மாட்டேன். பட்டணத்துல பெரியாஸ்பத்திரில இருந்தப்போ அச்சாபீஸ்ல எய்த்து கோக்குறவங்களப் பாத்துகீறேன். இதே நீலக்கோடு, இதே கை. ஈயம் உள்ள போனா கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல பூந்துக்கும். உருக்குற பொகையே போதும்."

"மருந்து கீதா சார்?"

"பெருசா ஒண்ணியும் இல்ல. உருக்கறத வுடு. பாலு கீலு குடி." பாலுக்கு எங்கே போவான் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று பேச்சை மாற்றினார். "ஊட்ல வேற யாருக்கினா இந்த மாரி கீதா? அந்த ஈயத்த இன்னா பண்றீங்க?"

"பாத்திரத்துக்குப் பூசறோம் சார்."

தேவராஜ் மருந்துப் பெட்டியை மூடினார்.

"சோறாக்குற பாத்திரத்துக்கா? அதுல புளி கரைச்சி ஊத்துவீங்களாடா?"

"பின்ன? என் சம்சாரத்துக்குப் புளிப்பு இருந்தாதான் சோறே எறங்குது. முழுவாம கீது சார்."

"மொதல் புள்ளயா?"

"இல்ல சார். மின்னாடி ரெண்டு தங்கல."

தேவராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: புளிப்பு ஈயத்தைக் கரைக்கும், கரைந்தது வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும், பிள்ளை நிற்காது. முன்னே இரண்டும் போனது அதனால்தான் இருக்கும்.

"இத்தோட நிப்பாட்டு. இனிமே ஒரு சொட்டு அந்தப் பாத்திரத்துலேர்ந்து அவ வாய்க்குப் போவக்கூடாது. தங்குறதா இருந்தா தங்கும்."

மைதானத்திலிருந்து வீடு வரை ஏரிக்கரையோடு போகும் வழியில் எத்திராஜ் அழுதுகொண்டே போனான். எதிர்க்காற்றில் மண் கண்ணில் விழுந்தது, அதனால் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டில் குண்டான் அடுப்பில் இருந்தது. ஏரியில் பிடித்த கெளுத்தி மீன், கெட்டியாகக் கரைத்த புளி. வேம்புலி வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. கன்னியம்மா கரண்டியில் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்திராஜ் குண்டானைத் தூக்கப் பார்த்தான். கை பிடிக்கவில்லை. காலால் தள்ளினான். குழம்பும் மீனும் அடுப்புச் சாம்பலில் கொட்டின.

"அய்யோ!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இன்னாய்யா உனுக்குப் பேய் புட்ச்சிகீதா? எத்தினி நாளு கழிச்சி மீனு வாங்கனேன்! அண்ணாத்தே, நீ கேளு இந்தாள."

"இன்னா மாப்ள இது?" என்றான் வேம்புலி.

எத்திராஜ் சொன்னான். கம்பவுண்டர் சொன்னதை அப்படியே சொன்னான். சொல்லி முடிக்கிற வரை சாம்பலில் மீன் பொரிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தாளுக்கு இன்னா தெரியும்?" வேம்புலி எழுந்து நின்றான். "எங்க நைனா காலத்துலேர்ந்து பூசறோம். பூசாத பாத்திரத்துல துன்னாதான் சாவான். பூசுனதுல துன்னு எவன் செத்தான்?"

"அது வெள்ளீயம் மச்சான். இது மேட்டு ஈயம்."

"நீதான குட்த்த?"

"நான்தான் குட்த்தேன். இல்லன்னு சொன்னனா?"

வேம்புலி கவிழ்ந்து கிடந்த குண்டானை எடுத்தான். உள்ளே விரலை விட்டுத் தடவினான். அடியில் பூச்சு கரைந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. போன பொங்கலுக்குத்தான் மறுபடி பூசியிருந்தான். ஆறு மாசத்தில் பூச்சு எங்கே கரைந்து போயிற்று என்று தொழில்காரனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எத்தினி ஊடு மாப்ள," என்றான். "வானகரத்துல மட்டும் எத்தினி ஊடு... புள்ளத்தாச்சிங்க ஊட்டுக்குன்னு கேட்டு கேட்டு கெட்டியா பூசனேனே."

துருத்தியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனான். கன்னியம்மா "அண்ணாத்தே, ஒரு வாய் தண்ணியாவது குட்ச்சிட்டுப் போ" என்று தெருமுனை வரை கூப்பிட்டுக்கொண்டே போனாள். அவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவனை யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்களோடு எங்கோ வடக்கே போனான் என்றும், ரயிலில் விழுந்தான் என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

திரும்பி வந்த கன்னியம்மா சாம்பலிலிருந்து மீன் துண்டுகளைப் பொறுக்கி ஒரு மண்சட்டியில் போட்டாள். கழுவினால் தின்னலாமா என்று கேட்டாள். எத்திராஜ் வேண்டாம் என்று தலையாட்டினான். அப்போதுதான் அவளுக்கு உண்மை உறைத்தது போலிருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அது ரெண்டியும் நாந்தான் துன்னுட்டனா?" என்றாள்.

எத்திராஜ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

குண்டானைத் தூக்கிப் பரணில் போட்டாகிவிட்டது. மண்சட்டியில் சமைத்தார்கள். கை விளங்காத குழி ஆளைக் கிளப்பில் வைத்துக்கொள்வார்களா? வேறு ஆளைப் போட்டார்கள். ஆனால் கதை குண்டானோடு முடியவில்லை. அண்டா இருந்தது.

அடுத்த ஞாயிறு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாள். வீடு வீடாகக் கேழ்வரகு வாங்கி, அரைத்து, முதல்நாளே அண்டாவில் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் காய்ச்சி ஊற்றுவது வழக்கம். எவ்வளவு புளிக்கிறதோ அவ்வளவு ருசி. கன்னியம்மா போன வருஷமே வேண்டிக்கொண்டிருந்தாள்: வயிற்றில் பிள்ளை தங்கினால் அடுத்த ஆடிக்கு மஞ்சள் புடவை கட்டி வந்து முதல் கலயம் கூழ் வாங்கிக் குடிக்கிறேன் ஆத்தா என்று. போன வருஷமும் அதே அண்டாக் கூழைத்தான் குடித்துவிட்டு வேண்டிக்கொண்டாள்.

எத்திராஜ் முனியனிடம் போனான். முனியன் அந்தத் தெருவுக்குத் தலைவன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், கறாரான ஆள், நியாயம் தெரிந்தவன். கோயில் வேப்பமரத்தடியில் பனைநார்க் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். முழுக்கக் கேட்டான்.

"யார்கிட்டயினா சொன்னியா?"

"இல்ல மாமா. உங்கிட்டதான்."

"சொல்லாத. மேட்டு ஈயம்னு வெளில போச்சின்னா பட்டாளத்தான் ஊடு ஊடா பூந்து பாப்பான். கொழி வேல பாக்கற அத்தினி பேரும் உள்ள போவணும். அப்பறம் தெருவே பட்டினிதான்."

"சரி, சொல்லல. அண்டா மட்டும் வாணாம் மாமா. இந்த வருசம் மண்பானைல கரைச்சிக்கலாம்."

முனியன் கயிற்றைக் கீழே வைத்தான்.

"அந்த அண்டா எப்படி வந்திச்சின்னு தெரியுமா உனுக்கு? ஊர்க்காரங்க அண்டாவுல வாத்தாங்க, நாம பானைல வாத்தோம். பானைல வாக்கறவனுங்களுக்கு எதுக்குடா மேளம்னு கேட்டு மேளத்தப் புடுங்கிக்கினாங்க. அதுக்கோசரம் ஊடு ஊடா வாயக்கட்டி வாங்கனது. அண்டா வந்தப்பறம்தான் இத்தயும் ஒரு தெருன்னு பாக்கறாங்க. இப்ப போயி பானைய எடுத்தா இன்னான்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்லுவ? ஈயம் திருட்டு ஈயம்னா?"

"மாமா, வவுத்துப் புள்ளைங்க..."

"எத்திராஜி." முனியனின் குரல் இறங்கியது. "அரிசிக் கடைல அரிசி இல்ல. நம்ம தெருவுல பாதி ஊட்ல அடுப்பு எரிஞ்சி எத்தினி நாளாச்சின்னு உனுக்குத் தெரியாது, எனுக்குத் தெரியும். அன்னிக்கி ஒரு நாளுதான் எல்லாருக்கும் வவுறு ரொம்பும். ஒரு நாளு கூழ்ல எவனும் சாவ மாட்டான். கம்பவுண்டரே ஒரு வாய்ல சாவான்னு சொன்னானா?"

"இல்ல. கொஞ்சம் கொஞ்சமாதான்னு சொன்னாரு."

"கொஞ்சம் கொஞ்சமா சாவறது நமக்கு இன்னா புச்சா?" என்று சொல்லிவிட்டு முனியன் கயிற்றை மறுபடி எடுத்துக்கொண்டான்.

முனியன் கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எத்திராஜ் சண்டையாவது போட்டிருப்பான்.

மிச்சமிருந்தது கன்னியம்மாதான். தெரு எக்கேடு கெட்டாலும் அவளை மட்டும் தடுத்தால் போதும் என்று அவன் மனசு அற்பத்தனமாகக் கணக்குப் போட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் மஞ்சள் தண்ணீரில் புடவையை நனைத்துக்கொண்டிருந்தாள். கோயிலில் அண்டாவில் மாவு கரைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது.

"நாளிக்கி நீ போவாத கன்னிமா. ஒடம்பு செரியில்லன்னு சொல்லிக்கலாம்."

"வேண்டிக்கினேனே."

"மண்சட்டில நாமளே கூழு காய்ச்சி ஆத்தாவுக்கு வெச்சிட்டு இங்கியே குடி. ஆத்தா வாணாம்னா சொல்லப்போறா?"

அவள் புடவையைப் பிழிந்தாள்.

"ரெண்டு குட்த்துட்டேன்," என்றாள். "மூணாவதுக்கு அவ கால்ல வுயுந்து கெஞ்சிகீறேன். மொதோ கலயம் எனுக்குன்னு எல்லார் மின்னாடியும் சொல்லிகீறேன். இப்ப உன் கூழு வாணான்டின்னு சொன்னா, வவுத்துல கீறத யாரு காப்பாத்துவா? கம்பவுண்டரா? அந்தாளு தங்குறதா இருந்தா தங்கும்னாரு. அத்த சொல்றதுக்கு அவரு எதுக்கு?"

"விஷம்னு தெரிஞ்சே குடிப்பியா?"

"குடிக்காம வுட்டு அது போச்சின்னா? அப்பறம் ஆயுசுக்கும் நான் இன்னான்னு நெனச்சிக்கினு ஒக்காருவேன்?"

அவளுக்கும் பயம் இருந்தது. கொடியில் போட்ட புடவையை எடுத்து மறுபடி பிழிந்து போட்டாள். எந்தப் பக்கம் போனாலும் பயம்தான் என்றால் தெரிந்த பயத்தின் பக்கம் போவோம் என்று முடிவு செய்துவிட்டாள். அவளைத் திட்ட எத்திராஜுக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று ஊளையிட்டது. கோயில் முன்னால் மூன்று கல் கூட்டி அண்டா ஏறியிருந்தது. கூழ் கொதித்துக் குமிழி விட்டது. பக்கத்தில் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் மண்சட்டிகளில் இருந்தன. தெருவே சொம்பும் கலயமுமாக நின்றது. குழந்தைகள் நேற்றிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். போட வேறொன்றும் இல்லாததால் காய்ந்தது என்பதுதான் உண்மை. ஏரிக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் அபாயச் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. துரைமார் சுட ஆரம்பித்துவிட்டார்கள். காற்று வாக்கில் சத்தம் பக்கத்திலேயே கேட்டது.

எத்திராஜ் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கூழ் கீழே போனால் யாரும் குடிக்க முடியாது. அடிப்பார்கள், அடிக்கட்டும். அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, சாமிக்குப் படைக்க எல்லாரும் உள்ளே திரும்பிய நேரத்தில் அவன் அண்டா பக்கம் போனான். இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்தான். சூடு சுட்டது. அதுகூடத் தாமதமாகத்தான் தெரிந்தது. கவிழ்ப்பதற்காக முழு பலத்தையும் போட்டு இழுத்தான். மணிக்கட்டுகள் மடங்கின. விரல்கள் ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து நழுவின. அண்டா அசையவில்லை.

"இன்னாடா, தூக்கப் போறியா?" முனியன் பின்னால் வந்து நின்றிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மற்றவர்கள் காதில் விழுகிறபடி சொன்னான்: "கை முடியாதவன் எதுக்குடா பாரத்தத் தொடற? போ, அப்பால ஒக்காரு." தோளைப் பிடித்து மெதுவாகத்தான் நகர்த்தினான்.

மேளம் அடித்தது. கன்னியம்மா மஞ்சள் புடவையில் முன்னால் வந்தாள். வயிறு நிமிர்ந்து தெரிந்தது. பூசாரி வேப்பிலையால் அவள் தலையைத் தடவி, முதல் கலயத்தை அவள் கையில் கொடுத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தாமல் குடித்தாள். பிறகு வரிசை கலைந்து எல்லாருடைய கலயங்களும் அண்டாவைச் சூழ்ந்துகொண்டன.

எத்திராஜ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவள் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கலயத்தில் அவனுக்கென்று பாதி மிச்சம் வைத்திருந்தாள். அவன் கையில் கொடுக்கப் போனவள், அவனால் பிடிக்க முடியாது என்பது நினைவு வந்து நிறுத்தினாள். ஏரிக்கப்பால் ஒரு துப்பாக்கி வெடித்தது, யாரோ கைதட்டினார்கள்.

"நல்லா புளிச்சிகீது," என்றாள். கலயத்தை அவன் உதட்டில் வைத்தாள். "ஆத்தா குட்த்தது. வாயத் தொற."

திறந்தான்.